புள்ளி பொய் சொல்லுமா?

சிதம்பரத்தில் ஒரு சிறுமி. வயது 11. ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

கடலூரில் ஒரு வங்கிக் குமாஸ்தா. வயது 46. இருபது ஆண்டுகளாகச் செஸ் ஆடுகிறவர்.

2023-ம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். செஸ் பந்தயம் நடக்கிறது. சிறுமி அதிகாலை பஸ்ஸில் அப்பாவுடன் வந்து இறங்கினாள். சிதம்பரத்தில் இருந்து கடலூருக்குச் சுமார் 45 கிலோ மீட்டர். பஸ்ஸில் தூக்கம். கையில் இட்லிப் பொட்டலம்.

முதல் சுற்றில் அவளுக்கு எதிரே குமாஸ்தா உட்கார்ந்தார்.

"உனக்கு எத்தனை புள்ளி, பாப்பா?" என்று கேட்டார்.

"1200, அங்கிள்" என்றாள் சிறுமி.

குமாஸ்தாவுக்கு 1600 புள்ளி. சிரித்துக் கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் சிரிக்கவில்லை. ராணி போய்விட்டது. ராஜாவுக்கு ஓட இடம் இல்லை. எழுந்து, சிறுமிக்குக் கை கொடுத்தார். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார். விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

தோற்றது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. போன புள்ளிதான் பெரிதாகத் தெரிந்தது.

18.4 புள்ளி போய்விட்டது!

"அந்தப் பெண் 1200 புள்ளி ஆட்டமா ஆடினாள்? 1700 புள்ளி ஆட்டம் அல்லவா ஆடினாள்! இது என்ன நியாயம்?" என்று பொருமினார்.

இந்தச் சிறுமியும் குமாஸ்தாவும் கணக்கு விளங்குவதற்காகச் சொல்லப்பட்டவர்கள். ஊரில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஆனால் அந்த 18.4 உண்மைக் கணக்கு. அந்தப் பொருமலும் உண்மையானது.

அது என்ன புள்ளி?

செஸ் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அதை ரேட்டிங் என்பார்கள். தரப் புள்ளி என்று தமிழில் சொல்லலாம்.

இது பள்ளிக்கூட மார்க் போன்றது அல்ல. பள்ளியில் கேள்வித் தாள் இருக்கிறது. நூற்றுக்கு எத்தனை என்று மார்க் போடுகிறார்கள். பக்கத்துப் பையன் எத்தனை வாங்கினாலும் உன் மார்க் மாறாது.

செஸ் புள்ளிக்குக் கேள்வித் தாள் கிடையாது. எதிரே உட்கார்ந்து இருப்பவர்தான் கேள்வித் தாள்!

ஒரு தராசை நினைத்துக் கொள்ளுங்கள். தராசு இருக்கிறது. படிக்கல் இல்லை. ஒரு தட்டில் கத்தரிக்காய். மறு தட்டில் முருங்கைக்காய். எது கனம் என்று தெரியும். எத்தனை கிலோ என்று தெரியாது. ஆயிரம் பேரை மாற்றி மாற்றித் தட்டில் வைத்தால், யார் யாரைவிடக் கனம் என்று ஒரு வரிசை கிடைக்கும். அந்த வரிசைக்குப் போட்ட எண்தான் புள்ளி.

ஆகவே தனியாக "1600" என்றால் ஒன்றும் இல்லை. "எதிராளிக்கு எத்தனை?" என்று கேட்டால்தான் அதற்கு அர்த்தம்.

இருவருக்கும் சமப் புள்ளியா? 100 ஆட்டம் ஆடினால் ஆளுக்கு 50 வெற்றி வர வேண்டும். 100 புள்ளி வித்தியாசமா? பெரியவருக்கு 64, சின்னவருக்கு 36. 200 புள்ளி வித்தியாசம் என்றால் 76-க்கு 24. 400 புள்ளி வித்தியாசம் என்றால் 92-க்கு 8. (டிரா ஆனால் ஆளுக்கு அரை வெற்றி என்று கணக்கு.)

இப்போது குமாஸ்தாவின் கணக்கைப் பார்க்கலாம். அவருக்கு 1600. சிறுமிக்கு 1200. வித்தியாசம் 400. அவர் ஒரு ஆட்டத்தில் 0.92 எடுப்பார் என்று கணக்கு எதிர்பார்க்கிறது. எடுத்ததோ பூஜ்யம். குறைவு 0.92. அதை 20-ஆல் பெருக்க வேண்டும். 18.4 வருகிறது. அதுதான் போனது.

அவர் வென்று இருந்தால் என்ன கிடைத்து இருக்கும்? வெறும் 1.6!

தோற்றால் 18.4 போகும். வென்றால் 1.6 வரும். இந்தப் பேரத்துக்கு யார் உட்காருவார்கள்? அவருக்கு வேறு வழி இல்லை. யாருடன் ஆடுவது என்பதைப் பந்தயத்தார் முடிவு செய்கிறார்கள்.

சிறுமிக்கு 20-க்குப் பதில் 40-ஆல் பெருக்க வேண்டும். 18 வயது வரை, 2300 புள்ளியைத் தொடாத பிள்ளைகளுக்கு 40 என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதி. பிள்ளைகள் வேகமாகக் கற்கிறார்கள். அவர்கள் புள்ளியும் வேகமாக ஏறட்டும் என்று வைத்த விதி. எனவே அவளுக்கு 36.8 புள்ளி ஏறியது.

பேராசிரியர் போட்ட கணக்கு

இந்தக் கணக்கைக் கண்டவர் ஆர்பாட் எலோ. 1903-ல் ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போனவர். மில்வாக்கி நகரில் மார்க்கெட் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். அவரே நல்ல செஸ் ஆட்டக்காரர். விஸ்கான்சின் மாகாணத்தில் 8 முறை சாம்பியன் பட்டம் வென்றவர்.

1960-ல் அமெரிக்கச் செஸ் சங்கம் இவருடைய கணக்கை ஏற்றது. 1970-ல் உலகச் சங்கம் ஏற்றது.

அதற்கு முன்பு ஆட்டக்காரர்கள் இல்லையா? இருந்தார்கள். மானுவல் ஆரோன் 1961-ல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அப்போது அவருக்கு உலகப் புள்ளி எதுவும் கிடையாது. யார் யாரை வென்றார் என்று பார்த்துப் பட்டம் கொடுத்தார்கள்.

இப்போது எல்லாம் புள்ளிதான். கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டுமா? மூன்று பந்தயங்களில் தகுதி பெற வேண்டும். அதோடு 2500 புள்ளியைத் தொட வேண்டும். சென்னை வைஷாலி 2023 டிசம்பரில் ஸ்பெயினில் அந்த 2500-ஐத் தாண்டினார். தம்பி பிரக்ஞானந்தா ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர். அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் என்பது உலகத்தில் அதுவே முதல் முறை.

விசுவநாதன் ஆனந்த் 1986 முதல் 37 ஆண்டுகள் இந்தியாவின் முதல் ஆட்டக்காரர் என்று பட்டியலில் இருந்தார். 2023 செப்டம்பர் பட்டியலில் குகேஷ் அவரைத் தாண்டினார். வித்தியாசம் எத்தனை தெரியுமா? 4 புள்ளி!

புள்ளி என்றால் சும்மா அல்ல. பெரிய பந்தயத்துக்கு அழைப்பு வருவதும் வராததும் புள்ளியைப் பார்த்துத்தான். தங்கும் இடம் இலவசமா, காசா என்பதும் பல இடங்களில் புள்ளியைப் பார்த்துத்தான். குகேஷின் தந்தை காது, மூக்கு, தொண்டை டாக்டர். மகனுடன் நாடு நாடாகப் போவதற்காகத் தொழிலை நிறுத்தி வைத்தவர். உயர்ந்த புள்ளி உள்ளவர்களுடன் ஆடினால்தான் கிராண்ட்மாஸ்டர் தகுதி. அவர்கள் எல்லாரும் கடலூருக்கு வர மாட்டார்கள். நாம்தான் போக வேண்டும். விமானச் செலவு நம்முடையது.

இத்தனை குடும்பங்கள் இந்த எண்ணை நம்பிக் காசு போடுகின்றன. எண் சரியாக இருக்கிறதா?

பானையும் தண்ணீரும்

சிதம்பரம் சிறுமிக்கு ஏன் 1200 இருந்தது? அவள் கடைசியாகப் பந்தயம் ஆடியது கோடை விடுமுறையில். அதன்பிறகு பள்ளிக்கூடம். பந்தயத்துக்குப் போக நேரம் இல்லை. காசும் இல்லை. ஆனால் வீட்டில் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் செல்போனில் தினமும் பத்து ஆட்டம் ஆடினாள். புதிர்கள் போட்டாள். ஆட்டம் வளர்ந்தது. புள்ளி வளரவில்லை. பந்தயத்தில் ஆடினால்தானே புள்ளி நகரும்!

புள்ளி என்பது பழைய போட்டோ. பிள்ளை வளர்ந்து விட்டாள். போட்டோவில் இன்னும் பால் பல்.

கொரோனா காலத்தில் இது நாடு முழுவதும் நடந்தது. 2020 மார்ச்சில் பந்தயங்கள் நின்றன. பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடிக் கொண்டே இருந்தார்கள். மண்டபங்கள் மறுபடி திறந்தபோது, பழைய புள்ளியுடன் புதிய ஆட்டத்துடன் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் திணறினார்கள். இந்தியச் சிறுவனுடன் ஆட வேண்டும் என்றால் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கூட முகம் சுளித்தார்கள்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அது உடனே கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பானையில் தண்ணீர் இருக்கிறது. பத்துப் பேர் சொம்பால் மொண்டு குடிக்கிறார்கள். ஒருவர் அதிகம் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். மொத்தம் கூடாது. புள்ளியும் ஏறக்குறைய அப்படித்தான். வென்றவருக்கு ஏறும் புள்ளி, தோற்றவரிடம் இருந்து வருகிறது.

இப்போது ஆயிரக் கணக்கான சிறுவர்கள் சிறு சொம்புடன் வருகிறார்கள். 1000, 1100 என்று தொடங்குகிறார்கள். இரண்டு ஆண்டில் 1800 ஆட்டம் ஆடுகிறார்கள். அந்த 700, 800 புள்ளி எங்கிருந்து வரும்? குமாஸ்தா போன்றவர்களிடம் இருந்துதான். குமாஸ்தாவின் ஆட்டம் கெடவில்லை. போன ஆண்டு ஆடிய ஆட்டத்தையே ஆடுகிறார். புள்ளி மட்டும் இறங்குகிறது.

பிள்ளைகளுக்கு 40-ஆல் பெருக்குவதால் பானையில் கொஞ்சம் புதுத் தண்ணீர் விழுகிறது. சிறுமிக்கு 36.8 ஏறியபோது குமாஸ்தாவுக்கு 18.4 தானே இறங்கியது! மிச்சம் புதுத் தண்ணீர். ஆனாலும் போதவில்லை.

பிள்ளைக்கும் இதில் நஷ்டம் உண்டு. இரண்டு பேருமே குறைந்த புள்ளியில் கிடக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்றால், ஒருவரை ஒருவர் வென்று என்ன பயன்? சிதம்பரத்துப் பெண் பண்ருட்டிப் பையனை வெல்வாள். பண்ருட்டிப் பையன் விருத்தாசலத்துப் பையனை வெல்வான். எல்லாரும் சேர்ந்து வளர்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கீழேயே நிற்கிறார்கள்.

ஒரே இரவில் 320 புள்ளி!

உலகச் சங்கம் கடைசியில் இதை ஒப்புக் கொண்டது. 2024 மார்ச் 1-ந் தேதி ஒரு காரியம் செய்தது. 2000 புள்ளிக்குக் கீழே இருந்த எல்லாருக்கும் புள்ளியை உயர்த்தியது.

எப்படி? 2000-க்கு எத்தனை குறைவோ, அதில் நூற்றுக்கு 40 பங்கு சேர்த்தார்கள். 1000 இருந்தவர் 1400 ஆனார். 1500 இருந்தவர் 1700. அதோடு, இனி 1400-க்குக் கீழே புள்ளியே கிடையாது என்றும் வைத்தார்கள்.

குமாஸ்தாவைப் போல 1600-ல் இருந்தவர் பிப்ரவரி 29-ந் தேதி இரவு படுத்தார். காலையில் எழுந்தார். 1760! சிறுமியைப் போல 1200-ல் இருந்தவளுக்கு 1520. அவளுக்கு ஒரே இரவில் 320 புள்ளி ஏறியது. ஒரு காயைக் கூட நகர்த்தவில்லை.

இருவருக்கும் நடுவே இருந்த 400 புள்ளி வித்தியாசம் 240 ஆகச் சுருங்கியது. மறுபடி ஆடி மறுபடி தோற்றால், குமாஸ்தாவுக்கு 18.4 போகாது. 16 போகும். அவ்வளவுதான் ஆறுதல்.

எல்லாருக்கும் சந்தோஷமா? இல்லை. 1600-க்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று தனிப் பரிசுப் பந்தயங்கள் நம் நாட்டில் உண்டு. முதல் நாள் வரை 1500-ல் இருந்து அந்தப் பந்தயத்துக்குத் தயார் செய்த பையன், மறுநாள் 1700 ஆகிவிட்டான். உள்ளே போக முடியாது.

இந்தத் தனிப் பந்தயங்களில் இன்னொரு தந்திரமும் உண்டு. சிலர் சின்னப் பந்தயங்களில் வேண்டும் என்றே தோற்பார்கள். புள்ளியை இறக்கிக் கொள்வார்கள். பிறகு பரிசுப் பணம் பெரிதாக இருக்கும் இடத்தில் போய், தங்களைவிட எளியவர்களை வென்று பணத்தை எடுப்பார்கள். கபடியில் எடை பார்த்துப் பிரிக்கிறார்கள். எடைக் கல்லில் ஏறி நின்றால் பொய் சொல்ல முடியாது. ஆட்டத் திறமைக்கு எடைக் கல் கிடையாதே!

சிறைக்குள் ஒரு சாம்பியன்

புள்ளியை இறக்குவது ஒரு விதம். ஏற்றுவது இன்னொரு விதம். அமெரிக்காவில் நடந்த கதை இது. கதை என்றாலும் நடந்தது.

கிளாட் பிளட்குட் என்று ஒருவர். கொலைக் குற்றத்துக்காக வர்ஜீனியா மாகாணச் சிறையில் இருந்தார். செஸ் பைத்தியம். சிறைக்குள் மற்றக் கைதிகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். அவர்களோடு பந்தயம் நடத்தினார். முறைப்படி சங்கத்தில் பதிவு செய்தார். ஆயிரக் கணக்கான ஆட்டங்கள்.

அவர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் உலக ஆட்டக்காரர் அல்ல. எதிரே உட்கார்ந்தவர்களோ புதிதாகக் கற்ற கைதிகள். வெளியே போய் ஆட முடியாது. வெளியே இருந்து யாரும் உள்ளே வர மாட்டார்கள். சிறையில் இருந்தவர்களின் புள்ளி எல்லாம் வடிகால் வழியாக ஓடுவது போல ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

1996-ல் அவர் புள்ளி 2700-ஐத் தாண்டியது. அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்! கிராண்ட்மாஸ்டர்கள் எல்லாம் அவருக்குக் கீழே!

சங்கத்தார் விழித்துக் கொண்டார்கள். விதிகளை மாற்றினார்கள். அவர் வேண்டும் என்றே செய்தாரா, வேறு வழி இன்றி அப்படி ஆனதா என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. 2001-ல் சிறையிலேயே இறந்தார்.

கணக்கில் தப்பு இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சரியாகத்தான் கூட்டினார்கள், கழித்தார்கள். வெளி உலகத்துடன் தொடர்பு இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு எதையும் அளக்கவில்லை. அவ்வளவுதான்.

பெண்கள் விஷயத்திலும் ஒரு கூத்து நடந்தது. பெண்கள் பெரும்பாலும் பெண்களோடு மட்டுமே ஆடுகிறார்கள், அதனால் அவர்கள் புள்ளி உண்மையைவிடக் குறைவு என்றார்கள். 1987 ஜனவரிப் பட்டியலில் எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி தூக்கிக் கொடுத்தார்கள். ஒருத்திக்கு மட்டும் இல்லை! அவர் ஹங்கேரியைச் சேர்ந்த சூசன் போல்கர். வயது 17. "நீ ஆண்களோடு ஆடுகிறாய், உன் புள்ளி சரியாகத்தான் இருக்கிறது" என்பது காரணம். அதுவரை உலகப் பெண்களில் முதல் இடத்தில் இருந்தவர், ஒரு ஆட்டமும் தோற்காமல் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார்.

2025-ல் கூட ஒரு விதியைத் திருத்தினார்கள். அதுவரை எத்தனை பெரிய வித்தியாசம் இருந்தாலும் 400 என்றே கணக்கு வைப்பார்கள். அதனால் 2800 புள்ளிக்காரர் ஒரு சாதாரண ஆட்டக்காரரை வென்றாலும் 0.8 புள்ளி நிச்சயம். அமெரிக்காவின் ஹிகாரு நகமுரா, உலகப் பட்டத் தகுதிக்கு வேண்டிய 40 ஆட்டக் கணக்கை முடிப்பதற்காக உள்ளூர்ப் பந்தயங்களில் போய் ஆடினார். அவர் விதியை மீறவில்லை. விதிதான் அப்படி இருந்தது. அக்டோபர் முதல், 2650-க்கு மேல் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

செல்போனில் 1900, மண்டபத்தில் 1500

"என் பையன் செல்போனில் 1900 புள்ளி எடுக்கிறான். பந்தயத்துக்குப் போனால் 1500-தான் வருகிறது. நடுவர் ஏமாற்றுகிறாரா?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு.

நடுவர் பாவம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

தராசு வேறு, தட்டு வேறு. லிச்செஸ் என்ற இணையத் தளத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் 1500-ல் தொடங்குகிறார்கள். அங்கே ஆடுகிற கூட்டம் வேறு. அங்கே 1900 என்றால், அந்தக் கூட்டத்துக்குள் 1900. கடலூர்ச் சந்தையின் படியையும் சிதம்பரம் சந்தையின் படியையும் ஒன்று என்று நினைக்க முடியுமா?

அங்கே கணக்கும் கொஞ்சம் வேறு. மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கக் கணக்கு நிபுணர் கண்ட முறை அது. எலோ முறையில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. ஒருவரின் புள்ளியோடு, "அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?" என்று இரண்டாவது எண்ணும் வைக்கிறார்கள். புதியவர் என்றால் நம்பிக்கை குறைவு. புள்ளி மடமடவென்று ஏறும், இறங்கும். ஆறு மாதம் ஆடாமல் இருந்தால், நம்பிக்கை மறுபடி குறையும். இந்த முறை பந்தயத்தில் இருந்தால் சிதம்பரம் சிறுமியின் பழைய போட்டோ கதை ஓரளவு குறைந்து இருக்கும்.

துப்பாக்கி ஆட்டம்

செல்போனில் பையன்கள் ஆடும் துப்பாக்கி ஆட்டங்களில் குழப்பம் இன்னும் அதிகம்.

பப்ஜி ஆட்டத்தை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 2021-ல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்கு என்று ஒன்று வந்தது. 2022 ஜூலையில் அதையும் எடுத்தார்கள். 2023 மே மாதம் திரும்ப வந்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று அதில் படிகள். மேலே இன்னும் உண்டு.

இந்த ஆட்டத்தில் நான்கு பேர் ஒரு அணியாகச் சேரலாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான்கு பையன்கள் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவன் கெட்டிக்காரன். மூன்று பேர் சுமார். தோற்றால் நான்கு பேருக்கும் இறக்கம். கெட்டிக்காரன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று கணக்குக்கு எப்படித் தெரியும்?

இதற்காக மைக்ரோசாப்ட் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் ட்ரூஸ்கில் என்று ஒரு முறையைச் செய்தார்கள். ஒரே பையன் பல அணிகளில் மாறி மாறி ஆடினால், எந்த அணியில் அவன் இருந்தாலும் அது வெல்கிறதா என்று பார்த்து அவன் திறமையைப் பிரித்து எடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நான்கு பையன்களும் எப்போதும் ஒன்றாகவே ஆடினால்? பிரிக்க வழியே இல்லை.

இன்னொன்று. இந்த ஆட்டத்தில் கடைசி வரை உயிரோடு இருந்தால் புள்ளி. ஆகவே புல்லுக்குள் படுத்துக் கொண்டு, ஒரு குண்டும் சுடாமல், மற்றவர்கள் அடித்துக் கொண்டு சாகும் வரை பொறுத்து இருந்தே படி ஏறுகிறவர்கள் உண்டு. பருவம் முடிந்ததும் எல்லாரையும் சில படிகள் இறக்கி விடுவார்கள். மறுபடி ஏற வேண்டும். நிறைய நேரம் ஆடுகிறவன் நிறைய ஏறுகிறான். திறமைக்குப் புள்ளியா, கண் விழித்ததற்குப் புள்ளியா? பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையனின் அம்மா கேட்க வேண்டிய கேள்வி இது.

பழைய புலி பூனை வேஷம் போடுவதும் உண்டு. நன்றாக ஆடுகிறவன் புதுப் பெயரில் புதுக் கணக்குத் தொடங்குவான். கணக்கு அவனைப் புதியவன் என்று நம்பும். சின்னப் பிள்ளைகளோடு கோத்து விடும். அடித்து நொறுக்குவான். செஸ் மண்டபத்தில் இது நடக்காது. அங்கே முகம் தெரியும்.

(காசு வைத்து ஆடும் ஆட்டங்கள் வேறு சங்கதி. அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் செய்தது.)

எப்போதும் பாதிதான்

இணைய ஆட்டத்தில் பிள்ளைகள் மனம் உடையும் இடம் ஒன்று உண்டு.

அங்கே எதிராளியைக் கம்ப்யூட்டரே தேடித் தருகிறது. சமப் புள்ளி உள்ளவரைத் தேடித் தரும். சமமானவர் என்றால் பாதி வெற்றி, பாதித் தோல்வி. பிள்ளை நன்றாகக் கற்றுக் கொள்கிறாள். புள்ளி ஏறுகிறது. உடனே எதிரே இன்னும் வலுவானவர் வந்து உட்காருவார். மறுபடி பாதி வெற்றி, பாதித் தோல்வி.

ஆறு மாதம் உழைத்தாள். அன்றும் பத்துக்கு ஐந்து. இன்றும் பத்துக்கு ஐந்து. "நான் வளரவே இல்லை, அப்பா" என்று அழுகிறாள். அவள் வளர்ந்து இருக்கிறாள். எதிரே உட்காருகிறவரும் மாறிக் கொண்டே இருப்பதால் அவளுக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் 55 புள்ளி

2024 நவம்பர். சிங்கப்பூரில் உலகச் செஸ் பட்டப் போட்டி. சென்னை குகேஷுக்கு வயது 18. புள்ளி 2783. சாம்பியன் டிங் லிரன் சீனாக்காரர். புள்ளி 2728. வித்தியாசம் 55.

டிங் சில காலமாக நன்றாக ஆடவில்லை. குகேஷ் ஊதித் தள்ளி விடுவார் என்று பலர் சொன்னார்கள்.

நடந்தது என்ன? முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய் வைத்துக் கொண்டு டிங் வென்றார். மூன்றாவதில் குகேஷ் வென்றார். பிறகு டிரா, டிரா, டிரா. பதினொன்றாவதில் குகேஷ். பன்னிரண்டாவதில் மறுபடி டிங். பதிமூன்று ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு ஆறரை.

டிசம்பர் 12-ந் தேதி பதினான்காவது ஆட்டம். அதுவும் டிரா என்றே எல்லாரும் நினைத்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் பார்த்து விட்டார். கண்ணில் நீர் வந்தது. உலகச் சாம்பியன்!

ஏழரைக்கு ஆறரை. 55 புள்ளி வித்தியாசத்துக்குக் கணக்கு எதிர்பார்த்தது ஏறக்குறைய எட்டுக்கு ஆறு. அரை ஆட்டம்தான் பிசகு. கணக்கு அத்தனை மோசம் இல்லை! எந்த ஆட்டத்தில் யார் தவறு செய்வார் என்பதைத்தான் அது சொல்லவில்லை.

எலோவே தம்முடைய கணக்கைப் பெரிதாக மெச்சிக் கொள்ளவில்லை. அலை அடிக்கும் தண்ணீரில் ஒரு தக்கை மிதக்கிறது. காற்றில் ஆடும் கயிற்றில் ஒரு அளவுகோல் கட்டி இருக்கிறது. அந்த அளவுகோலால் அந்தத் தக்கையை அளப்பது போன்ற வேலை இது என்று அவர் சொன்னார். கடலூர் துறைமுகத்தில் ஆடும் படகுகளைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

மஞ்சக்குப்பம் மண்டபத்தில் இரண்டாம் சுற்றுக்கு மணி அடித்தது. குமாஸ்தா வேப்ப மரத்தடியில் இருந்து உள்ளே வந்தார். சுவரில் ஒட்டிய தாளில் தம் பெயரைத் தேடினார். இந்த முறை எதிராளிக்கு 1150 புள்ளி. திரும்பிப் பார்த்தார்.

எட்டு வயதுப் பையன் ஒருவன். நாற்காலியில் உட்கார்ந்தால் காய்கள் எட்டாது. மண்டியிட்டு உட்கார்ந்து, காய்களை நேராக அடுக்கிக் கொண்டு இருந்தான்.